தீபாவளி சீசனில் ஒரு நாள் லீவு கேட்பது தப்பா?

ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 31, ஊர் பவானிப் பக்கம், வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், ஏழு வயதில் ஒரு மகள். மாதச் சம்பளம் 13,500 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய 25 நாளும் கடையில் யாருக்கும் வார லீவு கிடையாது; காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு பத்தரைக்குத்தான் வெளியே விடுகிறார்கள், அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருக்காது என்பதால் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கடைக்கு எதிரில் காத்து நிற்கிறார். சாப்பாட்டுக்கு மாற்றி மாற்றி இருபது நிமிடம். போன வருடம் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராமல் இருந்ததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். இந்த வருடம், "தீபாவளி முடியும் வரை லீவு கேட்கக் கூடாது, எடுப்பவர்கள் திரும்ப வேலைக்கு வர வேண்டாம்" என்று நோட்டீஸ் ஒட்டி, "என் சொந்த விருப்பத்தில் கூடுதல் நேரம் வேலை செய்கிறேன்" என்று ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். போதாததற்குத் தீபாவளி அன்றும் மதியம் வரை கடை உண்டாம்.

அவர் கேட்பது இது: தீபாவளிக்குக் கடை திறப்பதே சட்டப்படி குற்றம் இல்லையா, புகார் கொடுத்து மூட வைக்க முடியாதா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் இல்லை, கையெழுத்தும் போட்டாயிற்று, இனி வாய் திறக்க முடியுமா? கூட வேலை பார்ப்பவர்கள், "நம்ம ஃப்ளோர்ல இருக்கற பதினாலு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை வராம இருந்துட்டா தெரியும்" என்கிறார்கள். வீட்டுக்காரரோ வேலையையே விட்டுவிடச் சொல்கிறார். கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் இப்படி ஒரு வரி: "ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் குடுக்கறோம், என் புள்ளைக்கு எடுக்கறதுக்கு ஒரு நாள் கெடைக்க மாட்டேங்குதுங்க வக்கீலம்மா."

அம்மிணி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. வக்கீலுக்குப் படிக்கும்போது நானும் இரண்டு தீபாவளி சீசனுக்கு ஒரு ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறேன். பிரித்துப் போட்ட சேலையை மடித்து மடித்து விரல் நுனி காய்ந்து போகும், கணுக்கால் வீங்கி இரவில் செருப்புக்குள் கால் நுழையாது, ரேக்கில் லேசாகச் சாய்ந்தால் சூப்பர்வைசர் குரல் வரும். முதல் வருடம் தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்க்க எழுப்பியும் எழ முடியாமல் மத்தியானம் வரை தூங்கிவிட்டேன். அதனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு சொல் கூட மிகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கடிதத்தில் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் சரியில்லை, உங்களுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் இரண்டு பக்கமும் சரியில்லை. அதை முதலில் பேசிவிடுவோம்.

கடை திறப்பது குற்றமா?

இல்லை. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம் என்று 1958-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, கடைகளுக்கும் பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது. அந்த ஐந்து எவை என்பது கடைக்குக் கடை மாறலாம். நம் பக்கம் அதில் தீபாவளி இல்லாத பட்டியல் அபூர்வம், உங்கள் கடையின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும்கூட, அன்றைக்குக் கடையே திறக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அன்றைக்கு ஒருவர் வேலை செய்தால் அவருக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும் என்பதுதான் சட்டம். ஆக, "மூட வையுங்கள்" என்று புகார் எழுதினால் அது நிற்காது. "தீபாவளிக்கு வேலை வாங்கிவிட்டு இரட்டைச் சம்பளமும் தரவில்லை, மாற்று லீவும் தரவில்லை" என்று எழுதினால் நிற்கும். இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வார லீவும் இப்படித்தான். கடை வாரத்தில் ஏழு நாளும் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு அரசாங்கமே அனுமதி குடுத்திருக்குதாம்" என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது உண்மை, பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. ஆனால் அந்த அனுமதி கடையின் கதவுக்குத்தான், உள்ளே நிற்கிற ஆளுக்கு இல்லை. ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது அதே ஆணையின் நிபந்தனை. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாங்குவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் பெற்று, பாதுகாப்பும் வீட்டுக்குப் போக வண்டி வசதியும் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து ராத்திரி பத்தரை மணிக்கு வந்து நிற்கிறாரே, அந்த வேலை கடையினுடையது.

நேரக் கணக்கு, பணக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இதுதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம்தான். நான் மேலே சொன்ன அரசாணைப்படி திறந்திருக்கும் கடைகளுக்கு இது சற்றுத் தளரும், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் எந்தக் கணக்கிலும் போகாது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும், இருபது நிமிடம் அல்ல. வேலையும் ஓய்வும் சேர்த்து உங்களைக் கடையில் வைத்திருக்கும் மொத்த நேரமே 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒன்பதரையிலிருந்து பத்தரை என்றால் பதின்மூன்று.

ஓவர்டைமுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. உங்கள் 13,500-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 519 ரூபாய், எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 65 ரூபாய், இரட்டித்தால் 130. சாப்பாடு, டீ நேரம் எல்லாம் கழித்தும் நீங்கள் தினம் நான்கு மணி நேரம் கூடுதலாக நிற்கிறீர்கள், அப்படியானால் ஒரு நாளைக்கு 520 ரூபாய். இருபத்தைந்து நாளுக்கு 13,000 ரூபாய். கிட்டத்தட்ட இன்னொரு மாதச் சம்பளம். இதில் பறிபோன வார லீவுகளை நான் சேர்க்கவே இல்லை.

"அதுக்குத்தான் தீபாவளிக்கு 5,000 ரூபாய் போனஸும் ஒரு சேலையும் குடுத்துடறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மிணி, போனஸ் தனி, ஓவர்டைம் தனி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் போனஸ் என்பது வருடம் முழுக்க நீங்கள் உழைத்ததற்கு, குறைந்தது 8.33 சதவீதம், லாபமே இல்லாவிட்டாலும் தர வேண்டியது. கணக்கிட எடுக்கும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மாதம் 7,000 என்று குறைத்து வைத்துப் போட்டாலே வருடத்துக்கு ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. முதலாளி 5,000-ஐக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்கள். அந்த மரியாதை இருக்கட்டும், அது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் அது யாரோ மனது வைத்துக் கொடுத்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்ததும் தவறு. வராத நாளுக்கு மட்டும்தான் பிடிக்கலாம். அதுவும், ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பும், தனியாக உடம்பு சரியில்லாததற்கு விடுப்பும், தற்செயல் விடுப்பும் அதே 1947 சட்டத்தில் இருக்கின்றன.

கையெழுத்துப் போட்டது பற்றி

அந்தத் தாளை நினைத்து நீங்கள் தூங்காமல் இருக்க வேண்டாம். சட்டம் கொடுத்த உரிமையைக் கையெழுத்து வாங்கிப் பறித்துக்கொள்ள முடியாது. சம்மதம் என்று எழுதியிருந்தாலும் இரட்டைச் சம்பளம் சம்மதத்தில் மறைந்து போகாது, வார லீவும் போகாது. அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அதில் தேதி இருந்தால், கூடுதல் நேரம் வேலை வாங்கினோம் என்று கடையே ஒப்புக்கொண்ட மாதிரி. முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நோட்டீஸையும் சேர்த்து.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை என்பதற்கும் பயப்படாதீர்கள், நம் பக்கம் ஜவுளிக்கடையில் அது கையில் இருப்பவர் எத்தனை பேர்? உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டையும், பி.எஃப். கணக்கும், பேங்க்கில் சம்பளம் ஏறிய பாஸ்புக் வரியும் போதும், ஆறு வருடமாக அந்தக் கடையின் ஊழியர் என்று நிரூபிக்க. நேரத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிட விட்ட நேரம் என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். காலையில் பஸ்ஸில் கொடுக்கிற மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் அந்தப் பக்கத்திலேயே வையுங்கள். "நாளைக்கு எல்லாரும் ஒம்போது மணிக்கே வந்துடணும்" என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போடுவதை அழிக்காதீர்கள்.

பதினான்கு பேரும் சேர்ந்து நின்றுவிடலாமா?

வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் இது உங்களுக்கே திரும்பும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு முன்னறிவிப்பு இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. இதுவரை தவறெல்லாம் கடைப் பக்கம் இருக்கிறது, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையால் அதை உங்கள் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று யோசியுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் மில்லிலும் தறிக்குடோனிலும் போனஸ் கைக்கு வருவது பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின பத்துப் பதினைந்து நாளுக்குள்தான், அதை வாங்கியதும் ஒரே லீவு நாளில் குடும்பத்தோடு பஸ் ஏறி வருகிறவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான், உங்கள் வீட்டுக்காரரோடு தறி ஓட்டுகிறவர்களும் அதில் இருப்பார்கள். அந்த நாளில் கடை திறந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். பண்டிகைக் கூட்டத்துக்கு வேலை செய்ய வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். என் வாதமெல்லாம் இதுதான்: அந்தக் கூட்டம் எப்போது வரும் என்பது முதலாளிக்கு வருட ஆரம்பத்தில் காலண்டர் வாங்கியதுமே தெரியும், சீசனுக்கென்று காலேஜ் பிள்ளைகளைத் தற்காலிகமாக எடுக்கவும் அவருக்குத் தெரியும், ஆள் போட்டுச் சமாளிக்க வேண்டியதை உங்கள் தூக்கத்திலிருந்தும் உங்கள் பிள்ளையின் நாளிலிருந்தும் எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

அதனால் வராமல் நின்றுவிடுவதற்குப் பதிலாக, கேளுங்கள். எல்லோருமாக, எழுத்தில். சனி ஞாயிறு யாருக்கும் லீவு வேண்டாம், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் மூன்று பேர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறோம் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். உங்கள் மாடியில் பதினான்கு பேர். ஐந்து நாளில் பதினைந்து இடம் இருக்கிறது, எல்லோருக்கும் வாரம் ஒரு நாள் கிடைத்துவிடும், கூட்ட நாளில் ஆள் குறையவும் குறையாது. அதோடு ஓவர்டைமுக்குத் தனிக் கணக்கு, எட்டு மணிக்கு மேல் நிற்கும் பெண்களுக்கு வண்டி, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார நாற்காலி. நாற்காலி கூடச் சலுகை இல்லை. 2021-ல் நம் சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்து கட்டாயமாக்கியது. மேனேஜரிடம் கொடுக்கும்போது ஒருவர் மட்டும் முன்னால் நிற்காதீர்கள், பதினான்கு கையெழுத்தையும் வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் போட்டது என்று தெரியாது.

விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண்கள் சிலர் கையெழுத்துப் போடத் தயங்கலாம். அவர்களுக்குச் சோறும் படுக்கையும் கடை கையில் இருக்கிறது. சிலருக்கு லீவை விட அந்த நாள் சம்பளம் முக்கியமாக இருக்கும். அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம்.

கேட்டும் நடக்காவிட்டால்

தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள், கடையில் வந்து ஆய்வு செய்கிற அதிகாரம் அவர்களுடையது. பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி மையத்திலும் பதியலாம். வழக்கு, மேல்முறையீடு என்று போக வேண்டி வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு; கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்குப் போனும் செய்யலாம்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். யார் எழுதியது என்று தேடுவார்கள், சேலைப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றுவார்கள், கமிஷன் கிடைக்காத இடத்தில் நிறுத்துவார்கள். இதையெல்லாம் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். ஆனால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது, 1947 சட்டத்தின் 41-ஆம் பிரிவு அது. அப்படி நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் காலக்கெடு உண்டு, ஒரு வாரத்துக்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வீட்டுக்காரர் சொல்வது. மனைவி தினமும் நடு ராத்திரியில் வீங்கிய காலோடு வருவதைப் பார்க்கிறவர் அப்படித்தான் சொல்வார், அவரைக் கோபிக்காதீர்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விடுவதாக இருந்தாலும் தீபாவளிக் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறீர்கள், அதனால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, உங்களுக்கு உண்டு. நீங்களாக விட்டாலும் உண்டு. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு. இப்போதைய சம்பளம் முழுவதையும் வைத்துப் போட்டால் ஆறு வருடத்துக்கு 46,700 ரூபாய்க்கு மேல் வருகிறது. கேட்காமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நகலில் கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் கிராஜுவிட்டிக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள். உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் கடையில் இருந்தால் அதையும் அன்றைக்கே கேளுங்கள், அது உங்கள் சொத்து, அடமானமாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பட்டியல் போடும்போது முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமையை உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்காது, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நிதானமாகத் துணி எடுக்கலாம்.